பேண்ட்கேம்ப்பில் ஒரு சிங்கிள், மூன்று ரீமிக்ஸ்: பண்டில் விலை எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஒரு பாட்டு, அதற்கு மூன்று ரீமிக்ஸ். ஆக நான்கு ஃபைல். தனித்தனியாக விற்பதா, ஒரே கட்டாக, அதாவது பண்டிலாக விற்பதா, இரண்டையும் சேர்த்தே வைப்பதா? சுயாதீன இசைக்காரர் இதை முடிவு செய்ய வேண்டிய இடமாகப் பார்த்தால், கலைஞரே தன் பாட்டை நேரடியாக ரசிகருக்கு விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் நல்ல கடைதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. சிங்கிளை ஏற்கெனவே வாங்கியவர் பிறகு முழு பண்டிலையும் வாங்க வந்தால், முன்பு கொடுத்த காசு கழியாது. அதே பாட்டுக்கு இரண்டாவது முறை பணம் கேட்கும். வெளியீட்டு வரிசையைத் தலைகீழாக யோசித்தால் இந்த ஓட்டையை அடைத்துவிடலாம். யோசிக்காமல் சிங்கிளை முதலில் அவசரமாகப் போட்டுவிட்டால் பண்டில் படுத்துவிடும்.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008இல் தொடங்கிய தளம். 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023இல் இசை உரிம நிறுவனமான சாங்டிராடர் கைக்குப் போனது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் தளத்துக்கு; மொத்த விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதமாக இறங்கும். பணப் பரிமாற்றக் கட்டணம் இதற்கு மேல் தனி. பேண்ட்கேம்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த 15 சதவீதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சின்ன விலைக்கு விற்கும்போது உண்மையில் கடிப்பது பரிமாற்றக் கட்டணத்தில் இருக்கும் நிலையான தொகை.

ஒரு டாலர் சிங்கிளை வைத்துக் கணக்குப் போடலாம். பரிமாற்றக் கட்டணம் 4.4 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வைத்துக்கொண்டால், தளத்துக்கு 15 சென்ட், சதவீதக் கட்டணம் 4.4 சென்ட், நிலையானது 30 சென்ட். கைக்கு வருவது 50.6 சென்ட். நான்கு பாட்டையும் நான்கு வெவ்வேறு நாளில் ஒருவர் வாங்கினால் 4 டாலர் செலவழிப்பார், உங்களுக்கு 2.02 டாலர்தான். அதே நான்கையும் 3 டாலர் பண்டிலாக வாங்கினால் தளத்துக்கு 45 சென்ட், பரிமாற்றத்துக்கு 43.2 சென்ட் போக 2.12 டாலர் வருகிறது. அவருக்கு ஒரு டாலர் மிச்சம், உங்களுக்கும் பத்து சென்ட் அளவுக்குக் கூடுதல். இந்தக் கட்டணத்தில் பண்டிலை 2.89 டாலர் வரைக்கும் இறக்கலாம், நஷ்டமில்லை.

இதே கணக்கை, நிலையான தொகை குறைவாக இருக்கும் ஒரு விகிதத்தில், உதாரணத்துக்கு 5 சதவீதமும் 5 சென்ட்டும் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு டாலர் பாட்டில் 75 சென்ட் வரும், நான்கும் தனித்தனியாக விற்றால் 3 டாலர். 3 டாலர் பண்டிலில் வருவது 2.35 மட்டுமே. சமன் ஆக 3.82 டாலர் விலை வேண்டும். ஆக, 'பண்டிலுக்கு 25 சதவீதம் தள்ளுபடி கொடு' என்ற பொது அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் கணக்குக்கு எந்தக் கட்டணம் விழுகிறது என்பதைச் சேல்ஸ் ரிப்போர்ட்டில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். தள்ளுபடியை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். வாங்குகிறவர் நான்கையும் ஒரே கார்ட்டில் போட்டு ஒரே தடவையில் பணம் கட்டினால் நிலையான தொகை ஒரு முறைதான் போகும். ஆனால் சிங்கிள் வாங்குகிறவர்கள் அப்படி வாங்குவது குறைவு. அவர்கள் ஒரு பாட்டைக் கேட்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம். ஆப்பிள் 2007 மார்ச்சிலேயே தன் இணைய இசைக் கடையான ஐட்யூன்ஸில் 'கம்ப்ளீட் மை ஆல்பம்' கொண்டுவந்தது. ஆல்பத்தின் சில பாட்டுகளை ஏற்கெனவே வாங்கியவருக்கு அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்கும். பேண்ட்கேம்ப்பில் இப்போதும் அப்படி ஒன்று இல்லை. உங்கள் முதல் ரசிகர், வெளியான அன்றே சிங்கிளை வாங்கியவர், பண்டில் வரும்போது மற்ற எல்லாரையும்விட அதிகம் கொடுக்க வேண்டியவர் ஆகிவிடுகிறார். ஒரு டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் அவருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கும்.

தீர்வு: 'டிராக்' ஆகச் சிங்கிளைப் போடாதீர்கள். முதல் நாளே 'ஆல்பம்' பக்கமாகத் திறங்கள்.

ரீமிக்ஸ்கள் கையில் தயாராக இருந்தால் ப்ரீ-ஆர்டர் வழி. ஆல்பம் பக்கம் உருவாக்கி நான்கு ஃபைலையும் ஏற்றுங்கள். வேவ், எய்ஃப், ஃபிளாக் மாதிரி தரம் குறையாத ஃபைலாக இருக்க வேண்டும். எம்பி3யை அது ஏற்காது. வெளியீட்டுத் தேதியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். அசல் பாட்டை மட்டும் 'உடனே கிடைக்கும்' டிராக்காகக் குறியுங்கள். அசலின் தனி விற்பனையை அந்த இரண்டு வாரத்துக்கு அணைத்துவிடுங்கள். இப்போது பாட்டை இலவசமாகக் கேட்கலாம், வேண்டுமென்றால் பண்டிலை முன்பதிவு செய்து அசலை அப்போதே இறக்கிக்கொள்ளலாம். மீதி மூன்றையும் இறக்கும் இணைப்பு வெளியீட்டு நாளில் அவர் மின்னஞ்சலுக்கு வரும். ஒரு டாலர் கொடுத்துச் சிங்கிள் மட்டும் வாங்க நினைத்தவர் சிலர் காத்திருப்பார்கள், சிலர் மறந்தும் போவார்கள். அந்த இழப்பு உண்மைதான். அதனால்தான் இரண்டு வாரம். இரண்டு மாதம் இழுத்தால் சிங்கிளின் சூடு ஆறிவிடும்.

ரீமிக்ஸ் இன்னும் முடியவில்லை, யாரிடம் கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லை என்றால் படிக்கட்டு விலை. ஒரே ஒரு பாட்டுள்ள ஆல்பம் பக்கமாக 1 டாலருக்குத் திறங்கள். முதல் ரீமிக்ஸ் சேரும்போது 2 டாலர், மூன்றாவதும் வந்ததும் 3 அல்லது 3.50. முன்பே வாங்கியவர்கள் தங்கள் கலெக்‌ஷனிலிருந்து மறுபடி இறக்கினால் புதிதாகச் சேர்த்தவையும் வரும். 'சீக்கிரம் வாங்கினவருக்கு மலிவு' என்ற செய்தி இதில் தானாகவே போய்விடுகிறது. புதிய ரீமிக்ஸ் சேர்ந்த தகவல் அவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நீங்களே செய்தி அனுப்ப வேண்டும். இரண்டு வழிகளில் இதுதான் சிறந்தது என்பது எங்கள் கருத்து. தேதிக்கு ரீமிக்ஸ் தருவேன் என்று சொன்ன தயாரிப்பாளர் சொன்ன தேதிக்குத் தருவது அரிது.

சிங்கிள் ஏற்கெனவே விற்றுவிட்டதா? தள்ளுபடிக் கோடு (code), அதாவது வாங்குகிறவர் பணம் கட்டும்போது போடும் குறியீடு ஒன்றுதான் வழி. 3 டாலர் பண்டிலுக்கு 33 சதவீதக் கோடு உருவாக்கினால் 2.01 டாலர் ஆகும். கொடுத்த ஒரு டாலர் ஏறத்தாழ கழிந்துவிடும். கோடுக்குக் காலாவதித் தேதியும் எண்ணிக்கை வரம்பும் போடாமல் விடாதீர்கள். ஒரு டெலிகிராம் குழுவில் ஒருவர் பகிர்ந்தால் போதும், அதுவே உங்கள் புதிய விலை ஆகிவிடும்.

அடுத்தது, பண்டிலுக்குள் எதை வைப்பது. விலையைவிட இது முக்கியம். 1963இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர், திரைப்பட நிறுவனங்கள் படங்களைக் கட்டுக்கட்டாக விற்றதை வைத்து ஒரு விளக்கம் கொடுத்தார். 1976இல் ஆடம்ஸ், யெல்லன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதை விரித்து எழுதினார்கள். ரீமிக்ஸுக்கு அது அப்படியே பொருந்தும். ஒரு டிஜே, கிளப் ரீமிக்ஸுக்கு 2 டாலர் தருவார், அகூஸ்டிக் பதிப்புக்கு 50 சென்ட். வீட்டில் கேட்கும் ரசிகர் இதற்கு நேர் எதிர். தனித்தனியாக 2 டாலர் விலை வைத்தால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். வரவு 4 டாலர். இரண்டையும் சேர்த்து 2.50 வைத்தால் இருவருமே வாங்குவார்கள். வரவு 5 டாலர். இப்போது இரண்டுமே கிளப் ரீமிக்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். டிஜே இரண்டுக்கும் தலா 2 தருவார், ரசிகர் தலா 50 சென்ட். தனியாக விற்றாலும் 4, பண்டிலாக 4 டாலருக்கு விற்றாலும் 4. பண்டிலால் ஒரு சென்ட் கூடவில்லை. விலையை 1 டாலருக்கு இறக்கினால் இருவரும் வாங்குவார்கள். வரவு 2 டாலராகச் சுருங்கும்.

ஆக, ரசனை எதிரெதிராக இருக்கும் பதிப்புகளைச் சேர்த்தால்தான் பண்டில் சம்பாதிக்கும். ஒரே பிபிஎம்மில் (தாள வேகத்தில்) மூன்று ஹவுஸ் பாணி நடன ரீமிக்ஸ் வைப்பது, சிவகாசி கிஃப்ட் பாக்ஸில் பாம்பு மாத்திரையை அடுக்கி இடத்தை நிரப்புகிற வேலை. ஒரு கிளப் பதிப்பு, ஒரு மெதுவான பதிப்பு, ஒரு இன்ஸ்ட்ருமென்டல் என்பது மூன்று வெவ்வேறு ஆட்களை உள்ளே இழுக்கும்.

விலைப் பெட்டிகளை நிரப்பும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவு. ஆல்பத்துக்கு ஒரு விலை, ஒவ்வொரு டிராக்குக்கும் தனி விலை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் எதை வேண்டுமானாலும் போடலாம். நான்கு டிராக் தலா 75 சென்ட், ஆல்பம் 3.50 என்று யாராவது போட்டால், தனித்தனியாக வாங்குவது மலிவு. ரீமிக்ஸ் ஒன்றின் விலையில் 0 விழுந்து, 'விருப்பப்பட்டதைக் கொடு' என்று இருந்தால், அந்த ஒன்றை இலவசமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சேமித்த பிறகு வேறு பிரவுசரில் லாக்-இன் செய்யாமல் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு டிராக்கிலும் 'பை' அழுத்தி, வரும் தொகையைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எண்ணாகச் சொல்வதானால்: பண்டில் விலை, அதிகம் விரும்பப்படும் இரண்டு டிராக்கின் கூட்டுத் தொகையைவிடக் கூடுதலாக இருக்கட்டும். தலா ஒரு டாலர் என்றால் பண்டில் 2 டாலர் கூடாது; இரண்டு வாங்க வந்தவரிடம் மீதி இரண்டை இலவசமாகக் கொடுத்த மாதிரி ஆகும். 3 டாலர் என்றால் 'இன்னும் ஒரு டாலர் போட்டால் நான்கும்' என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். 'விரும்பினால் அதிகம் கொடுக்கலாம்' என்ற பெட்டியை டிக் செய்து வையுங்கள். பேண்ட்கேம்ப்பின் மிகச் சிறந்த அம்சம் இதுதான். 3 டாலர் பண்டிலுக்கு 10 டாலர் போடுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஐட்யூன்ஸ் மாதிரியான 99 சென்ட் கடையில் அதற்கு வழியே இல்லை. ஐட்யூன்ஸ் 2003இல் 99 சென்ட் ஒரே விலையில் தொடங்கி, 2009இல்தான் 69, 99, 1.29 என்று மூன்று படி வைத்தது. அங்கே உங்கள் கையில் இருப்பது படியைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.

டிஜேக்களைக் குறிவைத்தால் போட்டி, அவர்களுக்கென்றே பாட்டு விற்கும் தளமான பீட்போர்ட். அங்கே வேவ், எய்ஃப் வேண்டுமென்றால் டிராக்குக்குக் கூடுதல் கட்டணம். பேண்ட்கேம்ப்பில் எம்பி3, ஃபிளாக், வேவ் எல்லாம் ஒரே விலை, வாங்குகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் பீட்போர்ட்டில் டிஜே தேடி வருவது ஒரு டிராக்கை. அங்கே பண்டில் அவ்வளவாக எடுபடாது. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் (நீட்டித்த பதிப்பு), அகபெல்லா (குரல் மட்டும்) போன்ற டிஜே பொருள்களைத் தனி விற்பனைக்கு வைக்காமல், பேண்ட்கேம்ப் ஆல்பத்தோடு மட்டும் கிடைக்கும் போனஸ் டிராக்காக வையுங்கள். ஒரு டாலர் ஆள் மூன்று டாலர் ஆளாக மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இதே வெளியீட்டை விநியோகஸ்தர் வழியாக ஆப்பிளுக்கும் அனுப்புகிறீர்கள் என்றால் அளவைப் பாருங்கள். மூன்று டிராக் வரை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் இருந்தால்தான் சிங்கிள். நான்கு முதல் ஆறு டிராக், மொத்தம் முப்பது நிமிடத்துக்குள் என்றால் இபி. நம்முடைய நான்கு ஃபைல் அங்கே இபிதான். ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு ரீமிக்ஸுக்கும் புதிய ஐஎஸ்ஆர்சி வேண்டும். அசல் பாட்டுக்குச் சிங்கிளில் கொடுத்த அதே எண்ணைத்தான் பண்டிலிலும் கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று கொடுத்தால் ஒரே பதிவு இரண்டாகப் பிரிந்து, பிளே எண்ணிக்கையும் பிரிந்துவிடும். முழு வெளியீட்டுக்கான எண்ணான யுபிசி மட்டும் பண்டிலுக்குத் தனி.

ரீமிக்ஸ் செய்தவரின் பங்கு, பண்டிலில் சண்டைக்கு இடம் கொடுக்கும் பகுதி. பேண்ட்கேம்ப் அவருக்குத் தனியாகப் பிரித்து அனுப்பாது. நீங்கள்தான் கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டும். சேல்ஸ் ரிப்போர்ட்டை இறக்கித் திறந்தால் பண்டில் விற்பனை ஆல்பம் பெயரில் ஒரே வரியாக நிற்கும், டிராக் வாரியாகப் பிரிந்திருக்காது. 'உன் டிராக் வருமானத்தில் 30 சதவீதம்' என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தால், பண்டிலில் அவர் டிராக்கின் வருமானம் எது? நிகர வரவு 2.12 டாலரை நான்கால் வகுத்தால் 53 சென்ட், அதில் 30 சதவீதம் 16 சென்ட். ரசிகர் விருப்பப்பட்டு 10 டாலர் போட்டால் நிகரம் 7.76, நான்கில் ஒன்று 1.94, பங்கு 58 சென்ட். கூடுதலாகப் போட்ட 7 டாலர் கலைஞருக்கான அன்பளிப்பா, பாட்டுகளின் விலையா? இரண்டுக்கும் வாதம் உண்டு. நிகரத்தையா மொத்தத்தையா வகுப்பது, கூடுதல் தொகை சேருமா, இலவசக் கோடுகளுக்கு என்ன கணக்கு என்று மூன்று வரி எழுதி முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சின்ன வெளியீட்டுக்கு ஒரே தொகையாகக் கொடுத்து முடிப்பது இன்னும் நல்லது. 16 சென்ட் கணக்கை மாதாமாதம் யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முழு டிஸ்கோகிராஃபி பண்டில் என்று இன்னொரு வசதி உண்டு. உங்கள் வெளியீடுகளின் விலையைக் கூட்டி, நீங்கள் சொன்ன சதவீதத்தைக் கழித்து ஒரே பொத்தானாகக் காட்டும். சிங்கிள் தனியாகவும் ரீமிக்ஸ் பண்டிலில் மறுபடியும் இருந்தால், அதே பாட்டு இரண்டு முறை கூட்டப்படும். ஐந்து சிங்கிளுக்கு இப்படிச் செய்தவரின் மொத்த விலை 5 டாலர் வீங்கி நிற்கும். அப்புறம் அதில் 40 சதவீதம் தள்ளுபடி என்று பெருமையாகக் காட்டுவதில் பாதி பொய். ஆல்பம் பக்கமாகவே தொடங்குங்கள் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

பண்டிலை எந்த நாளில் திறப்பது? பேண்ட்கேம்ப் வெள்ளி. 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய வழக்கம். அந்த நாள்களில் தளம் தன் பங்கை எடுப்பதில்லை. நம் 3 டாலர் பண்டிலில் அன்று கைக்கு வருவது 2.12க்குப் பதிலாக 2.57. எல்லா மாதமும் நடக்கும் என்று நினைக்காமல் அறிவித்த தேதியைப் பார்த்து வெளியீட்டை வையுங்கள். அமெரிக்க பில்போர்டு பட்டியல் கனவு இருப்பவர்களுக்கு ஒரு வரி: புதிய ஆல்பத்தை 3.49 டாலருக்குக் கீழே விற்றால் அது ஆல்பப் பட்டியல் கணக்கில் சேராது. மற்றவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து விற்கிறவர்களுக்குச் சிக்கல் விலையில் இல்லை, பணம் வரும் வழியில் இருக்கிறது. பேண்ட்கேம்ப் பணம், இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் வழியாக வருகிறது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டும் இந்தியக் கணக்கு வாங்கும். சென்னைக் கலைஞரின் பண்டிலை டொராண்டோ ரசிகர் வாங்கலாம், கோவை ரசிகர் தடுக்கி நிற்பார். இலங்கைக் கணக்குகளுக்குப் பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி நெடுங்காலமாகவே கிடையாது. லண்டன், டொராண்டோவில் கணக்கு வைத்திருக்கும் கலைஞருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. உங்கள் ரசிகர்களில் பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர்கள் என்றால், அவர்களுக்கு யுபிஐயில் பணம் வாங்கிக்கொண்டு பேண்ட்கேம்ப் டவுன்லோடு கோடு ஒன்றை அனுப்புவது ஓடுகிற ஏற்பாடு. அதில் 15 சதவீதமும் போகாது, 30 சென்ட்டும் போகாது. 3 டாலர் பண்டிலை அவர்களுக்கு 150 ரூபாய்க்கே கொடுக்கலாம். கோடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் யாருக்கு எந்தக் கோடு போனது என்று ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். ரீமிக்ஸ் செய்தவருக்குக் கணக்குக் காட்டும்போது சேல்ஸ் ரிப்போர்ட்டில் இந்த ரூபாய் விற்பனை இருக்காது, அந்த ஷீட்டில்தான் இருக்கும்.